வளவுத் தொட்டிக்கு வாங்கிய ஒட்சிசன் மீற்றர்: எட்டு மாதம் பாவித்த பிறகு

34,500 ரூபா. கூரியர் காசு வேறு. பேனையை விடக் கொஞ்சம் தடிப்பான ஒரு சாமானுக்கு இவ்வளவு கொடுத்தேன் என்று அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. இப்போது எட்டு மாதம் ஆகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளக்கிற இந்த மீற்றரை வாங்கலாமா, பிரயோசனமா, காசு தண்டமா என்று கேட்கிற ஆட்கள் கூடிவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பித் தொண்டை போய்விட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொம்பனிப் பெயர் போடவில்லை. போட்டும் பயனில்லை, இதே வெள்ளை உடம்பும் இதே நீலப் பொத்தானும் நாலைந்து பெயரில் நாலைந்து விலைக்கு ஓடுகின்றன.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் நிலம், கிணறு வெட்டினால் தண்ணீர் உடனே வரும், கச்சான் காற்று அடிக்கிற வரட்சிக் காலத்தில் அதே தண்ணீர் உவர்க்கவும் செய்யும். பின்வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. 12 அடி நீளம், 8 அடி அகலம், தண்ணீர் 3 அடி நிற்கும், கணக்குப் பார்த்தால் 8000 லீற்றருக்குச் சற்று மேலே. அதில் நக்டா என்கிற அரசாங்க மீன் வளர்ப்பு அதிகாரசபையின் இங்கினியாகலை நிலையத்தில் இருந்து குஞ்சாகக் கொண்டுவந்து வளர்த்த திலாப்பியா அறுபதுக்குக் கிட்ட, தங்கச்சி ஆசைப்பட்டு வாங்கிய கோய் என்கிற அலங்கார மீன் ஒன்பது, யாரும் கேட்காமலே எப்படியோ வந்து சேர்ந்த விரால் ஒன்று.

மீற்றர் வாங்க வைத்தது பங்குனியில் ஒரு விடியற்காலை. "மனே, மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது, ஓடி வா" என்று அம்மா கூப்பிட்டபோது ஐந்தரை இருக்கும். நான் போய்ச் சேர முன்னமே பெரிய திலாப்பியா பதினொன்று வெள்ளை வயிறு தெரிய மிதந்தன, ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும், அடுத்த மாதம் பிடித்துக் கறிவைக்கலாம் என்று பார்த்திருந்தவை. சின்னவை உயிரோடுதான் இருந்தன, ஆனால் எல்லாம் தலையைச் சரித்து மேல் உதட்டை நீர்மட்டத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டு, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி சப்புச் சப்பென்று இழுத்துக்கொண்டிருந்தன. கரைக்கு நான் வந்தும் ஒன்றும் விலகிப் போகவில்லை. கை வைத்தால்தான் நகர்ந்தன. மீன் ஆளைக் கண்டு பயப்படாமல் நிற்கிறது என்றால் அதற்குப் பயப்படவும் தெம்பில்லை என்று அர்த்தம், இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு யாரோ மருந்து போட்டிருக்கிறார்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நானும் அரை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இரண்டு பேரைச் சந்தேகப்பட்டேன் (அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாயிற்று). களுவாஞ்சிகுடியில் தொட்டியில் மீன் வளர்க்கும் கூட்டாளி ஒருவனுக்குப் படம் அனுப்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "பெரிசு முதல்ல செத்ததா, சின்னது முதல்ல செத்ததா?" பெரிசு என்றேன். அப்படியென்றால் அது மூச்சுத் திணறல், மருந்து என்றால் பெரும்பாலும் சின்னதுகள்தான் முதலில் போகும் என்றான். எப்போதும் அப்படியேதான் நடக்கும் என்றில்லை, ஆனால் பெரிய உடம்புக்கு ஒட்சிசன் கூடுதலாக வேண்டும் என்கிற கணக்கு சரிதான். அப்புறம் முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டான். முதல் நாள் முழுக்க மந்தாரம், வெயிலே இல்லை. பின்னேரம் சித்தியின் பிள்ளைகள் வந்து இரண்டு றாத்தல் பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தொட்டிக்குள் போட்டு மீனோடு விளையாடியிருந்தார்கள். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு விளங்கிவிட்டது.

சரி, மீற்றருக்கு வருவோம்.

பெட்டிக்குள் இருந்தவை: மீற்றர், நுனியில் மெல்லிய சவ்வு ஒட்டிய மூடி இரண்டு, ஒன்று ஏற்கெனவே பூட்டியது, ஒரு சின்னப் போத்தலில் திரவம், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு தாள். போத்தல் ஒழுகித்தான் வந்தது. பெட்டியின் அடி ஈரம், தொட்டால் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. அது காரம், சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், கண்ணில் பட்டிருந்தால் கதை வேறு. கடைக்குப் படம் பிடித்து அனுப்பினேன், மூன்று நாள் கழித்து "அப்படித்தான் வரும், மிச்சம் போதும்" என்று பதில். போதுமாகத்தான் இருந்தது, அது வேறு விசயம், ஆனால் இந்தப் பதிலுக்கு மட்டும் நான் ஒரு நட்சத்திரத்தைக் கழிக்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. சவ்வு வழியாக ஒட்சிசன் உள்ளே போகிறது, உள்ளே இருக்கிற இரண்டு உலோகத்துக்கும் நடுவில் சின்ன மின்னோட்டம் பிறக்கிறது, ஒட்சிசன் கூடக் கூட மின்னோட்டமும் கூடும், அதைத்தான் இலக்கமாகக் காட்டுகிறது. தொடங்க முன்னம் வெறும் காற்றில் பிடித்து 100 வீதம் என்று அளவு திருத்த வேண்டும். கடல்மட்டத்தில் இருக்கிற நமக்கு உயரக் கணக்கு பூச்சியம், நுவரெலியாவில் இருப்பவர்தான் அதை மாற்றித் தலையை உடைக்க வேண்டும்.

தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டிய, ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்த விசயம் ஒன்று உண்டு. இந்த நுனி அளக்கும்போதே ஒட்சிசனைத் தின்கிறது. அசையாமல் ஒரே இடத்தில் பிடித்தால் தன்னைச் சுற்றி இருக்கிறதைத் தின்று முடித்துவிட்டு, தண்ணீரில் ஒன்றுமில்லை என்று சொல்லும். எனக்கு இது தெரியாமல் முதல் இரவு மீற்றரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். லீற்றருக்கு 6.0 மில்லிகிராம். பிறகு 5.2. பிறகு 4.1. என் கண் முன்னாலேயே 3க்கு இறங்குகிறது. எழும்பி ஓடிப்போய் மோட்டரைப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி, தங்கச்சியையும் எழுப்பி, வாளியால் அள்ளி அள்ளி உயரத்தில் இருந்து கொட்டி, அரை மணித்தியாலம் பேயாட்டம். பிறகு மீற்றரைக் கையில் எடுத்துத் தண்ணீருக்குள் கறிச்சட்டியில் அகப்பை கிண்டுவது போல மெதுவாக ஆட்டினேன். 6.3 என்றது. மீன்கள் எல்லாம் அடியில் நித்திரை. ஆகவே வாங்குபவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள்: நுனியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இலக்கம் நிலைக்கும் வரை, அரை நிமிடமாவது.

அடுத்த கிழமை ஒழுங்காக அளந்தேன், அப்போதுதான் காசு கொடுத்ததற்கு ஒரு நியாயம் கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணி: லீற்றருக்கு 11.4 மில்லிகிராம். நடுச்சாமம்: 5.1. விடிய ஐந்து மணி: 1.8.

எங்கள் தொட்டித் தண்ணீர் அப்போது பச்சையாக இருந்தது, நல்ல கரும்பச்சை, அதைப் பார்த்துத் தண்ணீர் உயிரோடு இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஆள் நான். 30 பாகை செல்சியசில் நல்ல தண்ணீர் காற்றில் இருந்து இயல்பாகப் பிடித்து வைக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம் அளவுதான். 11 என்றால் அது பாசி பகல் முழுக்க வெயிலில் உற்பத்தி செய்து குவித்தது. பொழுது பட்டதும் அதே பாசி கட்சி மாறிவிடும், மீனோடு சேர்ந்து அதுவும் ஒட்சிசனை இழுக்கும், அடியில் அழுகுகிற மிச்சத் தீனும் இழுக்கும், சூரியன் வரும் வரைக்கும் வரவு இல்லை, செலவு மட்டும்தான். அதனால்தான் விடிகிற நேரத்தில் கணக்கு அடிமட்டத்துக்குப் போகிறது. மந்தார நாளில் பகல் வரவும் குறைவு. அதற்கு மேலே இரண்டு றாத்தல் பாண்.

5க்கு மேலே இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் மீன் தின்னாது வளராது, திலாப்பியா வல்லாளகண்டன் என்பதால் 1 சொச்சத்திலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், கோய் அவ்வளவு தாங்காது. பகலில் மட்டும் அளந்து பார்த்து "என் தொட்டி 9, 10 காட்டுது" என்று பெருமையடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது. பின்னேரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்கு விடியற்காலை விழக்கூடும். விடிய ஐந்துக்கு எழும்ப ஏலாதவர் இந்த மீற்றரை வாங்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன், அந்தக் காசுக்கு வேறு நல்ல காரியம் இருக்கிறது.

அந்த இலக்கங்களைப் பார்த்துச் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொட்டியின் பாதிக்கு மேலே பச்சை வலை கட்டிப் பாசியின் கொழுப்பைக் குறைத்தேன். தீன் காலை ஒன்பதுக்கு மேல் மட்டும், பின்னேரம் யார் பிள்ளை அழுதாலும் இல்லை, தின்ற மீனுக்குத்தான் ஒட்சிசன் கூடச் செலவாகும். 35 வாற்று பம்ப் ஒன்றை நேரம் வைத்து நடுச்சாமம் பன்னிரண்டில் இருந்து விடிய ஆறு வரை ஓடவிட்டேன், தண்ணீரை மேலே தூக்கிப் பூத்தூறலாய்க் கொட்டுகிற மாதிரி. இரவுக்குக் கால் யூனிற் கரண்ட் கூட இல்லை. மூன்றாம் கிழமை விடியற்காலை 4.6. அதற்குப் பிறகு மழைக்காலம் வரும் வரைக்கும் 4க்குக் கீழே போனதை நான் காணவில்லை.

மீனைப் பார்த்தாலே தெரியாதா, மீற்றர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கச்சான் மும்முரமாக அடித்த ஒரு மாதம் தொட்டியில் ஒரு முழம் குறைந்துவிட்டது, கிணறும் உவர்த்துப் போனது, சரி என்று குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து வருவது, குடிக்க நல்ல தண்ணீர். இரண்டாயிரம் லீற்றர் அளவில் போயிருக்கும். ஒரு மணித்தியாலத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன, பங்குனியில் பார்த்த அதே காட்சி. பழைய ஆளாக இருந்தால் ஒட்சிசன் குறைவு என்று இன்னும் தண்ணீர் திறந்துவிட்டிருப்பேன், மீன் எல்லாம் போயிருக்கும். மீற்றரை வைத்தால் 6.8. ஒட்சிசன் தாராளமாக இருக்கிறது, மீனுக்குத்தான் எடுக்க முடியவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது: குளோரின். அது செவுளைச் சுட்டுவிட்டால் தண்ணீரில் எவ்வளவு இருந்தும் என்ன. வடிவாகப் பார்த்தபோது வித்தியாசமும் தெரிந்தது, மூச்சுத் திணறலில் மீன் சோர்ந்து நிற்கும், இதுகள் திடீர் திடீரெனப் பாய்ந்து ஓடி உடம்பைச் சுவரில் தேய்த்தன. குழாயைப் பூட்டி, பம்பைப் போட்டுவிட்டு, அலங்கார மீன் கடைக்கு ஓடி, குளோரினை முறிக்கிற தயோசல்பேற்றுக் கட்டி வாங்கிவந்து கரைத்து ஊற்றினேன். கோய் இரண்டு போனது, மற்றதெல்லாம் பின்னேரத்துக்குள் கீழே இறங்கின. இப்போது குழாய்த் தண்ணீர் என்றால் பெரலில் இரண்டு நாள் திறந்து வைத்து, கொஞ்சம் கட்டியும் போட்ட பிறகுதான் தொட்டிக்கு.

விராலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அது அதன் சாதி வழக்கம், தண்ணீர் எப்படி இருந்தாலும் போகும். அதைப் பார்த்து ஆரம்பத்தில் நாலு தரம் நான் மீற்றரோடு ஓடியிருக்கிறேன். இன்னொன்று, இருட்டில் டோர்ச்சை நேரே தொட்டிக்குள் அடித்தால் மேலே நின்ற மீனும் பயந்து கீழே போய்விடும், எல்லாம் சுகம் என்று நினைத்துக்கொண்டு வந்து படுப்பீர்கள். வெளிச்சத்தைச் சுவரில் அடித்துவிட்டு அந்த மங்கலில் பாருங்கள்.

மீற்றரின் குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை அந்தச் சவ்வு மூடி. இரண்டு மாதத்தில் அதில் பாசி வழுவழுப்பு ஏறி இலக்கம் தணிந்து காட்டத் தொடங்கும், மெல்லிய துணியால் துடைத்தால் சரிவரும், கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் கிழியும். முதல் மூடி அப்படித்தான் போனது. புது மூடிக்குள் திரவம் நிரப்பிப் பூட்டுவது ஒரு தவம்: விளிம்பு வரை சொட்டுச் சொட்டாக ஊற்றி, விரலால் சுண்டிச் சுண்டி, தண்டைச் சாய்த்துத் திருகி, பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கடுகளவு காற்றுக் குமிழி உள்ளே நின்றாலும் இலக்கம் குரங்கு மாதிரித் தாவும். முதல் தரம் ஆறு முறை கழற்றிப் பூட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

திரைக்கு வெளிச்சம் இல்லை. விடிய ஐந்துக்குப் பாவிக்க வேண்டிய சாமானுக்கு வெளிச்சம் வைக்காத மகானை நான் சந்திக்க விரும்புகிறேன். வாயில் டோர்ச், ஒரு கையில் மீற்றர், மற்றக் கையால் நுளம்பு அடிக்க வேண்டும். உப்புத் திருத்தம் உண்டு, நம் கிணற்றுத் தண்ணீருக்கு அது பெரிய வித்தியாசம் தராது, ஆனால் வாவித் தண்ணீரில் இறால் வைத்திருப்பவர் கட்டாயம் மாற்ற வேண்டும், கடல் உப்பு அளவுக்குப் போனால் அதே 30 பாகையில் தண்ணீர் பிடிப்பதே ஆறு சொச்சம்தான். வெப்பநிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிறது, அது சரியாக வேலை செய்கிறது. பற்றரி எட்டு மாதத்தில் ஒருதரம் மாற்றினேன்.

மலிவாக வேண்டுமென்றால் துளி மருந்து விட்டு நிறம் பார்க்கிற பெட்டி இருக்கிறது. 1888இல் விங்க்லர் என்ற ஹங்கேரிக்காரர் எழுதிய முறையை வீட்டுக்குச் சுருக்கியது, தத்துவத்தில் பிழையே இல்லை, ஒரு காலத்தில் ஆய்வுகூடங்களே அதைத்தான் நம்பின. ஆனால் அரைத் தூக்கத்தில் டோர்ச் வெளிச்சத்தில் இது மஞ்சளா, கடும் மஞ்சளா, மண்ணிறமா என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கண் காணாது. நானும் தங்கச்சியும் ஒரே குப்பியைப் பார்த்து அவள் 2 என்றாள், நான் 5 என்றேன்.

கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மீற்றரை விடுங்கள், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் வாங்குங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனதே, அது பகல், ஞாயிற்றுக்கிழமை, மீனுக்கு வெயில் கைகொடுத்தது. அதே குரங்கு இரவு பன்னிரண்டுக்குப் பாய்ந்திருந்தால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களை மீன் வளர்க்கிறவன் எப்படி மறப்பான். நான் மோட்டர்சைக்கிள் பற்றரியில் ஓடுகிற சின்னப் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன், கண்ணாடித் தொட்டிக்கு விற்கிற இரண்டு ஓட்டைப் பம்ப் இந்த அளவுத் தொட்டிக்குப் பல்லுக்கும் போதாது. மீற்றர் மீனைக் காப்பாற்றாது. எந்த இரவு எவ்வளவு ஆபத்து, செய்கிற வைத்தியம் பலிக்கிறதா என்று சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அது வேண்டும். மீன் வாயைத் திறந்து சொல்வது கடைசி மணித்தியாலத்தில், இது இரண்டு கிழமைக்கு முன்னமே சொன்னது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சவ்வு மூடி தனியாகத் தாராளமாகக் கிடைத்தால் நாலரை போடுவேன்.

அதுதான் கிடைக்கவில்லை. இரண்டாவது மூடியும் தேய்ந்துவிட்டது, கடைக்காரர் "அடுத்த மாதம் வரும்" என்று மூன்று மாதமாகச் சொல்கிறார், நான் உள்ளே இருந்த திரவத்தையே மாற்றி மாற்றி ஒப்பேற்றுகிறேன். இன்று விடிய 2.2 என்று காட்டியது. இரவெல்லாம் வாடைக்காற்றும் மழையும், பம்பும் ஓடுகிறது, எப்படி 2.2 என்று நான் தொட்டிக் கட்டில் குந்தியிருந்து நுனியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா பிளேன்ரீயோடு வந்து நின்று தொட்டிக்குள் ஒருதரம் பார்த்தார். "அதுகள் நல்லாத்தான் நிக்குது மனே. உன்ட சாமானுக்குத்தான் மூச்சு முட்டுது." மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். குமிழி.